"மினிமம் கட்டிட்டேன்ல, அப்புறம் என்ன?" - கிரெடிட் கார்டை வைத்தே கடனை அடைக்க முடியுமா?

சம்பளம் வந்து மூன்று நாள்தான் ஆகிறது. ஆங் மோ கியோ பேருந்து முனையத்தில் வரிசையில் நிற்கிறீர்கள். கைபேசியில் அடுத்தடுத்து மூன்று செய்திகள்.

முதல் செய்தி உங்கள் வங்கியிடமிருந்து. கடன்பற்று அட்டை நிலுவை 10,000 வெள்ளி. இந்த மாதம் கட்டவேண்டிய குறைந்தபட்சத் தொகை 300 வெள்ளி.

இரண்டாவது, இன்னொரு வங்கியிடமிருந்து. "உங்கள் நிலுவையை எங்களிடம் மாற்றுங்கள். 6 மாதத்துக்கு வட்டி 0 விழுக்காடு!"

மூன்றாவது, நீங்கள் மணக்கப்போகிறவரிடமிருந்து. "பிடிஓ வீட்டுக்கு எப்போ அப்ளை பண்ணலாம்?"

பார்த்தால் மூன்றும் வெவ்வேறு விஷயம். உண்மையில் முதல் இரண்டு செய்திக்கும் நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள் என்பதில்தான் மூன்றாவது கேள்விக்கான விடை இருக்கிறது.

நாம் பேச்சுவழக்கில் கிரெடிட் கார்டு என்று சொல்லும் கடன்பற்று அட்டையை வைத்தே பழைய கடனை அடைக்கலாம், கெட்டுப்போன கடன் வரலாற்றையும் சரிசெய்யலாம் என்று நண்பர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது பொய் இல்லை. ஆனால் பாதி உண்மைதான். மீதிப் பாதி என்ன? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில், அந்த 300 வெள்ளி எங்கே போகிறது?

சிங்கப்பூரில் பெரும்பாலான கடன்பற்று அட்டைகளின் வட்டி ஆண்டுக்கு 26 முதல் 28 விழுக்காடு வரை. நமது கணக்குக்கு 27 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 10,000 வெள்ளிக்கு ஒரு மாத வட்டி 225 வெள்ளி.

நீங்கள் கட்டுவது 300 வெள்ளி. அதில் 225 வெள்ளி வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் குறைவது வெறும் 75 வெள்ளி.

அடுத்த மாதம் நிலுவை கொஞ்சம் குறையும். குறைந்தபட்சத் தொகை பொதுவாக நிலுவையில் 3 விழுக்காடு அல்லது 50 வெள்ளி, இரண்டில் எது அதிகமோ அது. ஆக, நிலுவை குறையக் குறைய வங்கி கேட்கும் தொகையும் குறையும். "பரவாயில்லையே, சுமை குறையுதே" என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

அதே 10,000 வெள்ளியை, புதிதாக எதுவும் வாங்காமல், மூன்று விதமாகக் கட்டிப் பார்ப்போம்:

- மாதந்தோறும் வங்கி கேட்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால்: கடன் முடிய சுமார் 25 ஆண்டு. வட்டி மட்டும் 26,000 வெள்ளிக்கு மேல்.

- வங்கி எவ்வளவு குறைத்துக் கேட்டாலும், முதல் மாதம் கட்டிய அதே 300 வெள்ளியை விடாமல் கட்டினால்: 5 ஆண்டுக்குச் சற்று அதிகம். வட்டி சுமார் 8,700 வெள்ளி.

- மாதம் 500 வெள்ளி கட்டினால்: 27 மாதம். வட்டி சுமார் 3,400 வெள்ளி.

முதல் வரியையும் இரண்டாவது வரியையும் மீண்டும் ஒருமுறை பாருங்கள். இரண்டிலும் முதல் மாதம் கட்டுவது அதே 300 வெள்ளிதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. ஒருவர் வங்கி கேட்டதைக் கட்டினார். இன்னொருவர் தான் முடிவுசெய்த தொகையைக் கட்டினார். அதனால் மிச்சமானது ஏறக்குறைய 20 ஆண்டு.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: குறைந்தபட்சத் தொகை என்பது தாமதக் கட்டணத்திலிருந்து தப்பிக்கும் வழி. கடனிலிருந்து தப்பிக்கும் வழி அல்ல.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. நிலுவையை முழுதாகக் கட்டாவிட்டால் வட்டியில்லாக் காலம் போய்விடும். அதன்பின் அந்த அட்டையில் நீங்கள் வாங்கும் புதிய பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிக்கும். அவென்யூ 6 உணவங்காடி நிலையத்தில் சாப்பிட்ட புரோட்டாவுக்கும் 27 விழுக்காடு வட்டி!

"0 விழுக்காடு" - நிஜமாகவே சும்மா தருகிறார்களா?

இரண்டாவது செய்திக்கு வருவோம். இதன் பெயர் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர், அதாவது நிலுவை மாற்றம். ஒரு வங்கி அட்டையில் உள்ள கடனை இன்னொரு வங்கியின் அட்டைக்கு அல்லது கடன் கணக்குக்கு மாற்றிக்கொள்வது. வழக்கமாக 3, 6 அல்லது 12 மாதத்துக்கு வட்டி இருக்காது.

வட்டி இல்லை. ஆனால் கட்டணம் உண்டு. மாற்றும் தொகையில் ஒரு விழுக்காட்டை முதலிலேயே எடுத்துக்கொள்வார்கள். அது 2.5 விழுக்காடு என்றால் 10,000 வெள்ளிக்கு 250 வெள்ளி. 6 மாதத்துக்கு மட்டும் கிடைக்கும் கடனுக்கு 250 வெள்ளி என்பதை ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 5 விழுக்காட்டைத் தாண்டும். வங்கி விளம்பரத்தின் கீழே சிறிய எழுத்தில் "நடைமுறை வட்டி விகிதம்" என்று ஒரு எண் இருக்கும். பெரிய எழுத்தில் உள்ள பூஜ்யத்தை விட்டுவிட்டு அந்த எண்ணைப் பாருங்கள்.

5 விழுக்காடு 27 விழுக்காட்டைவிட எவ்வளவோ மேல். ஆகவே நிலுவை மாற்றம் நல்ல கருவிதான். எவ்வளவு நல்லது? மாதம் 500 வெள்ளி கட்ட முடிந்தவருக்கான கணக்கு இது:

- பழைய அட்டையிலேயே கட்டினால், 6 மாதம் கழித்து மீதம் சுமார் 8,250 வெள்ளி.

- நிலுவையை மாற்றிவிட்டுக் கட்டினால், 6 மாதம் கழித்து மீதம் 7,250 வெள்ளி.

ஆயிரம் வெள்ளி மிச்சம். சந்தோஷம்தான்.

ஆனால் இப்போது பழைய அட்டையில் நிலுவை பூஜ்யம். வரம்பு முழுதாகக் காலியாக இருக்கிறது. தீபாவளி வருகிறது. லிட்டில் இந்தியாவில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். "மாசம் 500 வெள்ளிதானே" என்று பழைய அட்டையையும் தேய்க்க ஆரம்பித்தால்?

6 மாதம் கழித்து, மாற்றிய கணக்கில் 7,250. பழைய அட்டையில் 3,000. மொத்தம் 10,250 வெள்ளி. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தாயிற்று. இப்போது அட்டை மட்டும் இரண்டு.

நிலுவையை மாற்றுவதால் கடன் அடைவதில்லை. கடனின் விலை கொஞ்ச நாளைக்குக் குறைகிறது, அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நாளில் அசலை அடிப்பது உங்கள் வேலை. அதற்கு மூன்று விதிகள்:

- மாற்றிய அன்றே பழைய அட்டையை ரத்துசெய்யுங்கள், அல்லது வரம்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

- மாற்றிய கணக்குள்ள புதிய அட்டையில் எதுவும் வாங்காதீர்கள்.

- மாதாந்திரத் தவணையைத் தவறவிடாதீர்கள். ஒரு தவணை தவறினாலும் சலுகை ரத்தாகி வழக்கமான வட்டி தொடங்கலாம்.

ஒரு எச்சரிக்கை. அட்டையைப் பயன்படுத்தி ஏடிஎம்மில் ரொக்கம் எடுத்து இன்னொரு கடனைக் கட்டுவது நிலுவை மாற்றம் இல்லை. ரொக்கம் எடுக்கத் தனிக் கட்டணம் உண்டு. எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி ஓடும். அதில் வட்டியில்லாக் காலமே கிடையாது.

கடன் ஓராண்டுச் சம்பளத்தைத் தாண்டிவிட்டால்?

கடன் ஓர் அளவுக்கு மேல் போனால் நிலுவை மாற்றம் கிடைக்கவே கிடைக்காது. இதற்குச் சிங்கப்பூரில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.

சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி இது. எல்லா வங்கியிலும் சேர்த்து, வட்டி ஓடும் பிணையற்ற கடன் உங்கள் மாதச் சம்பளத்தைப்போல் 12 மடங்கைத் தொடர்ந்து 3 மாதத்துக்குத் தாண்டினால், எந்த வங்கியும் உங்களுக்குப் புதிய பிணையற்ற கடன் தரமுடியாது. 2015இல் இந்த வரம்பு 24 மடங்காக இருந்தது. 2017இல் 18 மடங்கு. 2019 ஜூன் முதல் தேதியிலிருந்து 12 மடங்கு. கடனில் மூழ்கியவர்கள் படிப்படியாக மேலே வர அவகாசம் வேண்டும் என்றுதான் ஒரே நாளில் குறைக்கவில்லை.

இன்னொரு விதியும் உண்டு. ஏதேனும் ஒரு பிணையற்ற கடனில் 60 நாளுக்குமேல் பாக்கி வைத்தால், அந்த வங்கியின் அட்டையில் புதிதாகச் செலவு செய்ய முடியாது. மற்ற வங்கிகளும் புதிய கடன் தரமாட்டா.

சரி, அப்போது என்னதான் வழி? இத்தகையவர்களுக்காகவே 2017 ஜனவரியில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. ஆங்கிலத்தில் டெட் கன்சாலிடேஷன் பிளான். கடன் ஒருங்கிணைப்புத் திட்டம் என்று சொல்லலாம். வெவ்வேறு வங்கிகளில் உள்ள அட்டைக் கடன்களை ஒரே வங்கி அடைத்துவிடும். நீங்கள் அந்த ஒரு வங்கிக்கு மட்டும், குறைந்த வட்டியில், மாதத் தவணை கட்டுவீர்கள்.

யார் சேரலாம்? சிங்கப்பூரர்கள், நிரந்தரவாசிகள். ஆண்டு வருமானம் 120,000 வெள்ளிக்குக் கீழ் இருக்கவேண்டும். குறைந்தபட்ச வருமான விதியும் உண்டு. சொந்த நிகரச் சொத்து 2 மில்லியன் வெள்ளிக்குக் கீழ் இருக்கவேண்டும். கடன் மாதச் சம்பளத்தைப்போல் 12 மடங்கைத் தாண்டியிருக்கவேண்டும். புதுப்பிப்புக் கடன், கல்விக் கடன், மருத்துவக் கடன், கூட்டுக் கணக்குக் கடன் ஆகியவை இதில் சேரா.

ஓர் எடுத்துக்காட்டு. மாதச் சம்பளம் 4,000 வெள்ளி. நான்கு அட்டைகளில் மொத்தக் கடன் 50,000 வெள்ளி. 27 விழுக்காட்டில் ஒரு மாத வட்டி மட்டும் 1,125 வெள்ளி. குறைந்தபட்சத் தொகை 1,500 வெள்ளி.

இதையே நடைமுறை வட்டி 8 விழுக்காட்டில் ஒருங்கிணைத்தால்:

- 5 ஆண்டுத் தவணை: மாதம் சுமார் 1,014 வெள்ளி. மொத்த வட்டி சுமார் 10,800 வெள்ளி.

- 8 ஆண்டுத் தவணை: மாதம் சுமார் 707 வெள்ளி. மொத்த வட்டி சுமார் 17,900 வெள்ளி.

முன்பு வட்டிக்கே போதாத தொகையில், இப்போது வட்டியோடு அசலும் அடைகிறது. தவணைக் காலத்தை நீட்டினால் மாதச் சுமை குறையும், மொத்த வட்டி கூடும். கையைக் கடிக்காத அளவில், எவ்வளவு குறுகிய காலத்தில் முடிக்க முடியுமோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

விளம்பரத்தில் "ஆண்டுக்கு 4 விழுக்காடு" என்று இருந்தால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம்வரை வட்டி போடும் கணக்கு அது. 5 ஆண்டுத் தவணையில் அதன் நடைமுறை வட்டி 7 விழுக்காட்டைத் தாண்டும்.

இந்தத் திட்டத்தில் சேர்ந்ததும் உங்களது மற்ற பிணையற்ற கடன் கணக்குகள் மூடப்படும் அல்லது நிறுத்திவைக்கப்படும். அன்றாடச் செலவுக்காக ஒரு மாதச் சம்பள அளவு வரம்புள்ள ஒரே ஓர் அட்டை வசதி மட்டும் தரப்படும். சிலர் இதைத் தண்டனையாக நினைக்கிறார்கள். உண்மையில் மேலே சொன்ன "பழைய அட்டையை மறுபடியும் தேய்க்கும்" பிரச்சினைக்கான மருந்தே இதுதான். அந்த ஓர் அட்டையும் பின்னால் உங்களுக்கு உதவும். எப்படி என்று சற்று நேரத்தில் பார்ப்போம்.

வங்கியும் கைவிரித்துவிட்டால்?

கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அறநிறுவனம் இருக்கிறது. கடன் பிரச்சினையில் சிக்கியவர்களோடு உட்கார்ந்து வரவு செலவைப் பார்த்து, கட்டக்கூடிய ஒரு திட்டத்தை வரைந்து, வங்கிகளிடம் குறைந்த வட்டிக்குப் பேச உதவும். அதற்குக் கடன் நிர்வாகத் திட்டம் என்று பெயர். வங்கிகள் ஒப்புக்கொண்டால்தான் அது நடக்கும். அதில் சேர்ந்தால் அட்டைகளைப் பயன்படுத்த முடியாது.

அதற்கும் அடுத்த கட்டம் நொடிப்பு வழக்கு. 15,000 வெள்ளி அல்லது அதற்கு மேற்பட்ட கடனுக்கு ஒருவர்மீது நொடிப்பு வழக்குத் தொடுக்கலாம். ஆனால் கடன் 150,000 வெள்ளிக்கு மேற்போகாமலும் நிலையான வேலையும் இருந்தால், நீதிமன்றம் அவரைக் கடன் திருப்பிச் செலுத்தும் திட்டத்துக்கு அனுப்ப வாய்ப்புண்டு. அதில் 5 ஆண்டுவரை தவணை கட்டி முடித்தால் நொடித்துப்போனவர் என்ற நிலையைத் தவிர்க்கலாம்.

நம் வீடுகளில் இன்னொரு வழியும் உண்டு. பீரோவில் இருக்கும் நகை. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் போனால் அடகுக் கடைக்குப் பஞ்சமில்லை. சிங்கப்பூர்ச் சட்டப்படி அடகுக் கடை மாதத்துக்கு அதிகபட்சம் 1.5 விழுக்காடு வட்டி வாங்கலாம். ஆண்டுக்கு 18 விழுக்காடு. அட்டை வட்டியைவிடக் குறைவு. ஆனால் மீட்கத் தவறினால் அம்மாவின் வளையல் திரும்பி வராது. மீட்கும் தேதியும் அதற்கான பணமும் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் யோசியுங்கள்.

உரிமம் பெற்ற கடன் கொடுப்போர் மாதத்துக்கு 4 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். ஆண்டுக்குப் பார்த்தால் 48 விழுக்காடு. அதற்கு மேல் 10 விழுக்காடு வரை நிர்வாகக் கட்டணம். 27 விழுக்காட்டுக் கடனை அடைக்க 48 விழுக்காட்டுக் கடன் வாங்குவது, கிணற்றை மூடக் குளம் வெட்டுவது போன்றது.

குறுஞ்செய்தியிலும் வாட்ஸ்அப்பிலும் "உடனடிக் கடன்" என்று வருபவற்றை அப்படியே அழித்துவிடுங்கள். உரிமம் பெற்றவர்கள் குறுஞ்செய்தி, தொலைபேசி அழைப்பு, சமூக ஊடகம் வழியாக விளம்பரம் செய்யச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே அப்படி வருவது ஒன்று மோசடி, இல்லையேல் ஆ லோங் எனப்படும் சட்டவிரோதக் கடன் முதலை.

கடன் குறைந்தது. பெயர் எப்போது சரியாகும்?

இதுவரை பார்த்தது கடனை அடைக்கும் பாதி. இனி மற்றப் பாதி: கடன் வரலாறு.

கிரெடிட் பியூரோ சிங்கப்பூர் என்ற நிறுவனம், வங்கிகள் தரும் தகவலை வைத்து உங்களுக்கு ஒரு மதிப்பெண் போடுகிறது. 1,000 முதல் 2,000 வரை. அதை ஏஏ முதல் எச்எச் வரை தரம் பிரிக்கிறது. ஏஏ ஆகச் சிறந்தது. எச்எச் ஆக மோசம்.

மதிப்பெண் ஆறு விஷயங்களைப் பார்த்துக் கணக்கிடப்படுகிறது. எவ்வளவு கடனைப் பயன்படுத்துகிறீர்கள், அண்மையில் புதுக் கடன் வாங்கினீர்களா, தவணை தவறினீர்களா, எவ்வளவு காலமாகக் கணக்கு வைத்திருக்கிறீர்கள், எத்தனை கடன் கணக்குகள் கைவசம் உள்ளன, எத்தனை வங்கிகளிடம் விண்ணப்பித்தீர்கள் என்பவை அவை. சம்பளம் அதில் இல்லை. மாதம் 10,000 வெள்ளி வாங்குபவருக்கு எச்எச் கிடைக்கலாம். 2,800 வெள்ளி வாங்குபவருக்கு ஏஏ கிடைக்கலாம்.

அறிக்கையில் ஒவ்வொரு கணக்குக்கும் கடைசி 12 மாதம் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு மாதத்துக்கும் ஓர் எழுத்து. ஒழுங்காகக் கட்டியிருந்தால் "ஏ". 30 முதல் 59 நாள் தாமதம் என்றால் "பி". 60 முதல் 89 நாள் என்றால் "சி". 90 நாளும் அதற்கு மேலும் "டி".

இப்போது ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். குறைந்தபட்சத் தொகையை மட்டும் சரியான நேரத்தில் கட்டுபவருக்கும் "ஏ"தான். 25 ஆண்டு வட்டி கட்டப்போகிறவரின் தவணைப் பதிவு பளபளவென்று இருக்கும். "மினிமம் கட்டிட்டேன்ல, அப்புறம் என்ன?" என்று பலர் நிம்மதியாக இருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் உங்கள் மொத்த நிலுவை எவ்வளவு என்பதும் அறிக்கையில் இருக்கிறது. கடன் கொடுக்குமுன் வங்கி அதையும் பார்க்கும்.

சரி, கெட்ட பதிவு எவ்வளவு காலம் ஒட்டிக்கொண்டிருக்கும்?

- தாமத எழுத்துகள்: 12 மாத வரிசையில் புது மாதம் சேரச் சேரப் பழையது வெளியேறும்.

- வங்கிகளிடம் விண்ணப்பித்த பதிவு: 2 ஆண்டு.

- கட்டத் தவறி வங்கி கைவிட்ட கடன்: முழுதாகவோ பேசி முடித்தோ தீர்த்த நாளிலிருந்து 3 ஆண்டு. தீர்க்காவிட்டால் பதிவும் போகாது.

- நொடிப்பு: விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டு.

அதாவது காலம் உங்களுக்கு உதவும். ஆனால் கடனைத் தீர்த்த பிறகுதான் அந்தக் கடிகாரமே ஓட ஆரம்பிக்கும். "பணம் கொடுங்க, உங்க ரெக்கார்டை அழிச்சுத் தர்றோம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உண்மையான பதிவைக் காசு வாங்கிக்கொண்டு யாராலும் அழிக்க முடியாது. பதிவில் தவறு இருந்தால் அதைத் திருத்தும்படி நீங்களே கேட்கலாம்.

ஒரே அட்டை, ஒரே பில், முழுப் பணம்

பெயரைச் சரிசெய்ய அட்டை உதவும் என்பது இந்தக் கட்டத்தில்தான் உண்மையாகிறது. செலவு செய்வதற்காக அல்ல. மாதந்தோறும் ஒரு "ஏ" வாங்குவதற்காக.

ஒருங்கிணைப்புத் திட்டத்தில் தரப்பட்ட அந்த ஓர் அட்டை வசதி இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால், கைவசம் உள்ளவற்றில் நிலுவை இல்லாத, நீண்டகாலமாக வைத்திருக்கும் அட்டை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அட்டையே இல்லாதவர்கள் என்ன செய்வது? 21 வயதாகி, ஆண்டுக்கு 30,000 வெள்ளி வருமானம் இருந்தால் பொதுவாக விண்ணப்பிக்கலாம். 500 வெள்ளி வரம்புள்ள அட்டைகளும் உண்டு. நிலையான வைப்பைப் பிணையாக வைத்தும் சில வங்கிகள் அட்டை தரும். ஒரே வாரத்தில் ஐந்து வங்கிகளுக்கு மட்டும் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் பதிவாகும்.

பிறகு இப்படிச் செய்யுங்கள்:

1. எப்படியும் கட்டித்தான் ஆகவேண்டிய ஒரே ஒரு செலவை அந்த அட்டையில் போடுங்கள். கைபேசிக் கட்டணம் அல்லது பேருந்து, ரயில் கட்டணம். மாதம் 30 முதல் 100 வெள்ளி போதும்.

2. ஜைரோ மூலம் முழு நிலுவையும் தானாகக் கட்டப்பட ஏற்பாடு செய்யுங்கள். படிவத்தில் "குறைந்தபட்சத் தொகை", "முழுத் தொகை" என்று இரண்டு தெரிவு இருக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

3. அட்டையைக் கைபேசியிலும் இணையக் கடைகளிலும் சேமித்து வைக்காதீர்கள்.

4. பழைய கடனுக்கான தவணையை வேறாக, அதுவும் ஜைரோவில், சம்பளம் வந்த மறுநாள் கட்டுங்கள். இரண்டையும் ஒரே கணக்கில் குழப்பாதீர்கள்.

5. ஒரு மாதம் கட்ட முடியாது என்று தெரிந்தால், தவறவிட்ட பிறகு அல்ல, தவறுமுன் வங்கியை அழையுங்கள்.

6. உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். புதிய கடனுக்கு விண்ணப்பித்தவர்கள், ஏற்றாலும் நிராகரித்தாலும், குறிப்பிட்ட காலத்துக்குள் அதை இலவசமாகப் பெறலாம்.

இதை 12 மாதம் செய்தால் அந்த வரிசையில் 12 "ஏ" இருக்கும். இதில் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. அலுப்பூட்டும் ஒழுங்குதான் இருக்கிறது.

இனி, அந்த மூன்றாவது செய்தி

பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பிக்குமுன் வீவகவிடம் தகுதிக் கடிதம் வாங்கவேண்டும். 2023 மே மாதத்திலிருந்து இந்த நடைமுறை. கடன் எவ்வளவு கிடைக்கும் என்பதை முடிவுசெய்ய, உங்கள் வருமானத்தோடு கைவசம் உள்ள கடன்களும் பார்க்கப்படும்.

வங்கியில் வீட்டுக் கடன் வாங்குவோருக்கு இரண்டு வரம்புகள். வீவக வீட்டுத் தவணை மாத வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.

நீங்கள் இருவரும் சேர்ந்து மாதம் 6,000 வெள்ளி சம்பாதிக்கிறீர்கள் என்று வையுங்கள். முதல் வரம்புப்படி வீட்டுத் தவணை 1,800 வெள்ளி வரை போகலாம். இரண்டாவது வரம்புப்படி எல்லாம் சேர்த்து 3,300 வெள்ளி.

ஒருவரிடம் 50,000 வெள்ளி அட்டைக் கடன் இருந்தால் மாதக் குறைந்தபட்சத் தொகை 1,500 வெள்ளி. கல்விக் கடன் தவணை 400 வெள்ளி. மீதம் வீட்டுக்கு 1,400 வெள்ளிதான். 1,800 எங்கே, 1,400 எங்கே? மாதம் 400 வெள்ளி வித்தியாசம், 25 ஆண்டுக் கடனில் ஒரு படுக்கையறையாகவே குறையலாம்.

அதே கடனை ஒருங்கிணைத்து மாதம் 1,014 வெள்ளியாக்கியிருந்தால், 55 விழுக்காட்டு வரம்புக்குள் வீட்டுக்கு 1,800 வெள்ளியும் இடம் பிடித்துவிடும். மதிப்பெண்ணை வங்கி தனியாகப் பார்க்கும் என்பது உண்மைதான். ஆனால் கணக்கு இடம் கொடுக்கிறது.

அதனால் "வீட்டுக்கு எப்போ அப்ளை பண்ணலாம்?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில் தேதியில் இல்லை. "என்கிட்ட இவ்வளவு கடன் இருக்கு, இந்த மாசத்துல இருந்து இப்படிக் கட்டப்போறேன்" என்பதில் இருக்கிறது. சொல்வதற்குக் கஷ்டம்தான். நம் குடும்பங்களில் சம்பளத்தைப்பற்றிப் பேசுவோம், கடனைப்பற்றிப் பேசமாட்டோம். "வெளியே தெரிஞ்சா என்ன நினைப்பாங்க" என்ற பயம். ஆனால் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போடும் நாளில் அந்த எண் எப்படியும் திரையில் வரத்தான் போகிறது. அதற்குமுன் உங்கள் வாயிலிருந்து வருவது நல்லது.

தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்றால் அக்கம்பக்கத்திலேயே உதவி உண்டு. 1978இலிருந்து செயல்படும் ஆங் மோ கியோ குடும்பச் சேவை நிலையம் போன்றவற்றில் சமூக ஊழியரிடம் பேசலாம். அன்றாடச் செலவுக்கே சிரமம் என்றால் வட்டாரச் சமூகச் சேவை அலுவலகத்தை அணுகலாம். தமிழில் பேசினால் மனம் திறக்கும் என்பவர்களுக்கு, லிட்டில் இந்தியாவின் பீட்டி ரோட்டில் சிண்டா இருக்கிறது.

பேருந்து வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்ததும் ஒரே ஒரு வேலை. வங்கிச் செயலியைத் திறந்து, எல்லா அட்டைகளின் நிலுவையையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். அதை மாதச் சம்பளத்தால் வகுங்கள். விடை 12க்குக் கீழே என்றால், ஒரு நிலையான மாதத் தொகையை முடிவுசெய்யுங்கள்; அதை விடாமல் கட்ட முடிந்தால் நிலுவை மாற்றமும் கைகொடுக்கும். 12க்கு மேலே என்றால், நாளைக்கே ஒருங்கிணைப்புத் திட்டத்தைப்பற்றி வங்கியிடம் கேளுங்கள்.

அந்த மூன்றாவது செய்திக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை, ஞாபகம் இருக்கட்டும்.